செவந்தி உட்கார்ந்து போன பெட்டி

கந்தர்வக்கோட்டையிலிருந்து உள்ளே போகும் எங்கள் ஊரில் நாகராசுவை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். வந்த நாளிலிருந்து திரும்பும் நாள் வரை வீட்டுக்கூரை, வேலி, மோட்டார் ரிப்பேர் என்று ஏதாவது ஒரு வேலையில் கிடப்பார். லீவு முடிந்ததும் திருச்சிக்குப் போய் விமானம் ஏறிவிடுவார். வீட்டில் அவர் மனைவி செவந்தியும் ஒரே மகள் ராஜலட்சுமியும் இருந்தார்கள். மானாவாரிக் கடலை இரண்டு போகம் கருகிப்போன பிறகு சிங்கப்பூருக்குப் போனவர் அவர். முதலில் கட்டட வேலை. பிறகு அங்கே எம்.ஆர்.டி. என்னும் நகர ரயில்களைச் சுத்தம் செய்யும் வேலை கிடைத்தது. அதிலேயே நின்றுவிட்டார்.

ரயில் கடைசி நிலையத்துக்கு வந்து ஆட்கள் இறங்கியதும், அது திரும்பிப் புறப்படுவதற்குள் உள்ளே ஏறித் துடைத்துவிட்டு இறங்க வேண்டும். தரையில் கிடக்கும் டிக்கெட், சிந்திய காப்பி, மறந்துபோன குடை, சில நாளில் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. மழை நாளில் தரை முழுக்கச் சேறாகிவிடும். ரயில்களில் புதுசும் உண்டு, பழசும் உண்டு. அந்த ஊரில் முதன்முதலாக ஓடத் தொடங்கிய ரயில்கள் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தன. இருக்கைகளை மாற்றி, விளக்குகளை மாற்றி, மேலே புது வண்ணம் அடித்திருந்தார்கள். ஆனாலும் கிளம்பும்போது அவை போடும் ஊளைச் சத்தம் மட்டும் மாறவில்லை. வேலை அதிகம் வைப்பவையும் அவைதான். கதவிடுக்கில் அழுக்கு அடைந்தால் குச்சி விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ராஜலட்சுமி கல்லூரியில் சேர்ந்த வருஷம், செவந்தி ஒரு தடவை சிங்கப்பூருக்குப் போனார். அதற்கு ஏற்பாடு செய்தவர் ஷாநவாஸ். கோட்டைப்பட்டினத்துக்காரர், நாகராசுவைவிடப் பத்து வயது இளையவர், பழைய இரும்பு உடைக்கும் ஒரு கம்பெனியில் வேலை. நாகராசு தங்கியிருந்த தொழிலாளர் விடுதிக்குப் பெண்கள் வர முடியாது என்பதால், ஷாநவாஸ் தன் பெரியம்மா நூர்நிஷாவின் வீட்டில் செவந்தியைத் தங்க வைத்தார்.

நாகராசுவுக்கு ஒருநாள் விடுமுறை கிடைத்தது. கடற்கரையில் இருக்கும் பெரிய பூங்காவைக் காட்டலாம் என்று மனைவியை அழைத்துக்கொண்டு ரயில் ஏறினார். வந்தது பழைய ரயில். செவந்தி கதவுக்குப் பக்கத்தில், கடைசி இருக்கையில் உட்கார்ந்தார். நாகராசு அடுத்த இருக்கையில்.

வண்டி மேம்பாலத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது செவந்தி ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சட்டென்று சுரங்கத்துக்குள் நுழைந்து ஜன்னல் கறுத்ததும் கணவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க, பூமிக்குள்ளயா போறோம்?"

"ஆமா. மேல ரோடு போவுது. அதுக்கு மேல கட்டடம்."

"இடிஞ்சு விழுந்தா?"

"விழாது."

கொஞ்ச நேரம் கழித்துப் பயம் தெளிந்தது. பையிலிருந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்தார். நாகராசு பதறிப்போய்க் கையை அமுக்கினார்.

"இங்க திங்கக் கூடாது. அபராதம் போட்ருவாங்க."

செவந்தி பொட்டலத்தை உள்ளே வைத்துவிட்டுத் தரையைக் குனிந்து பார்த்தார். "ஒரு கடலைத்தொலி கூடக் கிடக்கலையே. அப்புறம் ஒங்களுக்கு இங்க என்னதான் வேலை?"

"நாங்க தொடைக்கிறதாலதான் கிடக்கல."

"நம்ம வீட்டு ஒட்டடைய என்னைக்காச்சும் அடிச்சிருக்கீங்களா நீங்க?"

எதிரில் இருந்த சீனக் கிழவி ஒருத்தி, மொழி புரியாமலே சிரித்தாள். அவ்வளவு சத்தமாகக் கேட்டுவிட்டார் செவந்தி.

இறங்க வேண்டிய நிலையம் வந்தபோது, "பூங்கா எங்க போயிரப் போவுது, இன்னும் கொஞ்ச தூரம் போவோமே" என்றார். கடைசி வரை போனார்கள். அதே ரயிலில் திரும்பினார்கள். மறுபடியும் போனார்கள். அன்று அவர்கள் பூங்காவைப் பார்க்கவே இல்லை. எழுந்திருக்கும்போது இருக்கையின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு திருகாணியில் செவந்தியின் புதுப் புடவைத் தலைப்பு மாட்டி, நூல் இழுத்துக்கொண்டது. "புதுப் பொடவைங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். மறுநாள் நாகராசு பணிமனையில் சொல்ல, அந்தத் திருகாணிக்கு ஒரு மூடி போட்டார்கள். மற்ற மூடிகள் சாம்பல் நிறம். கையில் கிடைத்ததை மாட்டியதில் அது மட்டும் கறுப்பாக அமைந்தது.

கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து அவர்கள் ஊர் சுற்றியது அந்த ஒருநாள்தான்.

கொரோனா வந்த வருஷம் விடுதிகளைப் பூட்டினார்கள். ஒரே அறையில் பன்னிரண்டு பேர். சாப்பாடு கதவுக்கு வரும். வாசலுக்கு வெளியே கால் வைக்க முடியாது. விமானமும் கிடையாது. அந்தச் சமயத்தில்தான் ஒரு காலையில் செவந்திக்கு மூச்சு முட்டியது. இதயம் என்றார்கள் பிறகு. பஸ் ஓடவில்லை. ஆம்புலன்ஸ் எல்லாம் வேறு வேறு ஊருக்குப் போயிருந்தது. முந்திரிக்கொட்டை ஏற்றும் குட்டியானை வண்டியில் படுக்க வைத்துப் புதுக்கோட்டைக்குக் கொண்டு போனார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது.

நாகராசுவின் அண்ணன் ராக்கன்தான் கொள்ளி வைத்தார். எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை. ராஜலட்சுமி வந்தாள். "பொம்பளப் பிள்ளை நீ எங்க வார?" என்று ஒருவர் தடுத்தார். "அப்பா பாக்கணும்" என்று கையிலிருந்த போனைக் காட்டினாள். தடுத்தவர் விலகி நின்றார். சிதைக்கு நேராகப் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். திரையின் மூலையில் சின்னதாக அவள் அப்பாவின் முகம் தெரிந்துகொண்டிருந்தது. ராக்கன் கொள்ளியை வாங்கித் திரும்பிய நேரத்தில் அந்த முகம் மறைந்து, திரை கறுப்பானது. சிக்னல் போகவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து அவரே அணைத்திருந்தார். அவள் கையை இறக்காமல் கடைசி வரை பிடித்துக்கொண்டே நின்றாள்.

அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் போனில் பேசியதெல்லாம் "சாப்பிட்டியா", "மழை உண்டா", "உடம்பு எப்படி" என்ற அளவில்தான்.

விடுதிகள் திறந்த பிறகு துப்புரவு ஒப்பந்தம் வேறு கம்பெனிக்கு மாறியது. வயதானவர்களை எடுக்கவில்லை. ஷாநவாஸ் தன் மேற்பார்வையாளரிடம் சொல்லி, நாகராசுவைத் தங்கள் கம்பெனியின் உடைப்பு யார்டில் சேர்த்துவிட்டார். பழைய ரயில்களைக் கழிக்கத் தொடங்கியிருந்த காலம் அது. முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியவை, பணிமனையிலிருந்து நீளமான டிரெய்லர்களில் ஒவ்வொரு பெட்டியாக வந்து இறங்கின.

ரயிலை உடைப்பது என்றால் எடுத்ததும் நசுக்கிவிடுவதில்லை. முதலில் உள்ளே ஏறி இருக்கைகளைக் கழற்ற வேண்டும். பிடிகம்பிகள், கண்ணாடி, விளக்கு, கூரையில் இருக்கும் ஏசி, தரைக்கடியில் ஓடும் வயர். வயர் ஒருபக்கம், ரப்பர் ஒருபக்கம், இரும்பு ஒருபக்கம் என்று பிரித்துக் குவித்த பிறகு, வெறும் அலுமினியக் கூடு மட்டும் நிற்கும். அப்புறம்தான் நகம் வைத்த இயந்திரம் வரும். அது கூரையில் நகத்தை ஊன்றி இழுக்கும்போது வரும் சத்தத்துக்குக் காதில் அடைப்பான் போட்டிருந்தாலும் பல் கூசும். சாயங்காலத்துக்குள் ஒரு பெட்டி இருந்த இடத்தில் குவியல்தான் இருக்கும்.

நாகராசு இந்த வேலையைப் பற்றிப் பெருமையாகவோ வருத்தமாகவோ எதுவும் சொன்னதில்லை. துடைத்த கை இப்போது கழற்றுகிறது, அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு பெட்டி வந்ததும், கதவோரக் கடைசி இருக்கையின் அடியில் கையை விட்டுத் தடவிப் பார்ப்பார். ஷாநவாஸ் ஒருநாள் கேட்டார்.

"என்னண்ணே தேடுறீங்க?"

நாகராசு புடவை மாட்டிய கதையைச் சொன்னார்.

"அது எப்பவோ நசுங்கிப் போயிருக்கும்ணே. வேற யார்டுக்கும் போவுதுல்ல."

"போயிருக்கும்" என்றார் நாகராசு. ஆனாலும் தடவிப் பார்ப்பதை விடவில்லை.

ஒருநாள் கறுப்பு மூடி கையில் தட்டுப்பட்டது. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். அதேதான். எழுந்து அந்த இருக்கையில் உட்காரவில்லை. கீழே இறங்கி வந்து, தண்ணீர்க் குழாயடியில் நின்று முகம் கழுவினார். ஷாநவாஸுக்குப் புரிந்துவிட்டது.

"இதை வேற ஆள விட்டுப் பிரிக்கச் சொல்றேண்ணே. நீங்க அங்கிட்டு வயர் வேலைக்குப் போங்க."

"வேணாம். நானே பிரிக்கிறேன். தெரியாத ஆளு கடப்பாரையால பேத்து எடுப்பான்."

ஆனால் மறுநாள் காலையில் மேற்பார்வையாளர் வந்து, அந்தப் பெட்டியை உடைக்க வேண்டாம் என்றார். மீட்புப் படைக்காரர்கள் பயிற்சிக்காக ஒரு பெட்டி கேட்டிருக்கிறார்கள், இது கொஞ்சம் நல்ல நிலையில் இருக்கிறது, இதை அனுப்பலாம் என்று. நாகராசுவுக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அங்கே என்ன செய்வார்கள் என்று கேட்டபோதுதான் தெரிந்தது. பெட்டியை லேசாகச் சாய்த்து வைத்து, உள்ளே புகையை நிரப்பி, விபத்து நடந்தது போல ஆட்களை உள்ளே போட்டு மீட்டுப் பழகுவார்களாம். தேவைப்பட்டால் பக்கவாட்டில் அறுப்பார்களாம்.

உடையப்போகும் கண்ணாடிகளையும் கூர்மையான தகடுகளையும் அகற்றிக் கொடுப்பதற்காக நாகராசுவும் ஷாநவாஸும் பெட்டியோடு அனுப்பப்பட்டார்கள். வேலை முடிந்த பிறகு பயிற்சி அதிகாரி ஒருவர் வந்து, காயம்பட்ட பயணிகளாக நடிக்க ஆள் குறைகிறது, விருப்பமிருந்தால் வரலாம் என்றார். ஷாநவாஸ் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். நாகராசு கையைத் தூக்கினார்.

கால் முறிந்தவர் என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டினார்கள். முழங்காலில் சிவப்புச் சாயம் பூசினார்கள். மூக்கை மூட ஒரு துணி. நெஞ்சை அடைக்காத புகைதான், பயப்பட வேண்டாம் என்றார்கள். உள்ளே எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். நாகராசு கதவோரக் கடைசி இருக்கைக்கு அடுத்ததில் போய் உட்கார்ந்தார். கடைசி இருக்கை காலியாக இருந்தது.

புகை வந்தது. வெள்ளையாகத் தரையோடு ஊர்ந்து வந்து, முழங்காலை மறைத்து, பிறகு முகத்துக்கு ஏறியது. விளக்குகளை அணைத்தார்கள். பெட்டிக்குள் யார் யாரோ நடிப்புக்காகக் கத்தத் தொடங்கினார்கள். தன் கையே தனக்குத் தெரியவில்லை. ஜன்னல் கறுத்த அந்தக் கணத்தில் மணிக்கட்டில் வந்து விழுந்த பிடி அவருக்கு நினைவு வந்தது. அவர் கத்தவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

கதவை நெம்பும் சத்தம் கேட்டது. டார்ச் வெளிச்சம் ஒன்று அவர் முகத்தில் விழுந்தது. முகமூடிக்குள்ளிருந்து முதலில் ஆங்கிலம். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழ். இளம் பெண்ணின் குரல்.

"அங்கிள், நான் பேசுறது கேக்குதா? எங்க வலிக்குது?"

"கால்ல."

"பயப்படாதீங்க, வெளிய கொண்டு போயிடுவோம். உங்களோட வேற யாரும் வந்தாங்களா?"

அட்டையோடு முன்பே எழுதிக்கொடுத்திருந்த பதில் "இல்லை" என்பதுதான். நாகராசு சொன்னது வேறு.

"எம் பொண்டாட்டி வந்தா."

"எங்க இருந்தாங்க?"

"இங்கதான். பக்கத்து சீட்டுல."

"அவங்க பேர்?"

"செவந்தி."

அவரைத் தூக்கிப் படுக்கையில் கிடத்தி வெளியே கொண்டு வந்தார்கள். வெயில் கண்ணைக் குத்தியது. அந்தப் பெண் அவரோடு வரவில்லை. திரும்பிப் புகைக்குள் போய்விட்டாள். படுத்தபடியே அவர் காது கொடுத்தார். பெட்டிக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"செவந்தி அக்கா! செவந்தி அக்கா! நான் பேசுறது கேக்குதா? கேட்டா எதையாவது தட்டுங்க!"

ஒவ்வொரு இருக்கையின் அடியிலும் குனிந்து தேடுவது, டார்ச் வெளிச்சம் அசைவதில் தெரிந்தது. குரல் பெட்டியின் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வந்தது. "செவந்தி அக்கா!"

செத்துப்போனவளின் பெயரை ஊரில் யாரும் இப்படிக் கூப்பிடுவதில்லை. அவள் பெயரைச் சொல்ல நேர்ந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். எங்கேயோ இருக்கிறாள், கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்பதுபோல ஒருத்தி கூப்பிட்டு நாகராசு அன்றுதான் கேட்டார். போதும், நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அவள் நிறுத்தவும் வேண்டாம் என்று இருந்தது.

கடைசியில் அவள் வெளியே வந்து முகமூடியைக் கழற்றினாள். வியர்வையில் தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. சட்டையில் அன்புமொழி என்ற பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தது. அதிகாரியிடம் போய், ஒரு பெண்ணைக் காணவில்லை, மறுபடியும் உள்ளே போகிறேன் என்றாள். அதிகாரி பட்டியலைப் பார்த்துவிட்டு, அப்படி யாரும் கிடையாது என்றார். அவள் நாகராசுவிடம் வந்து, படுக்கைக்குப் பக்கத்தில் முழங்காலிட்டாள்.

"அங்கிள், உள்ள யாரும் இல்ல. நல்லா தேடிட்டேன்."

"தெரியும்மா." அவர் எழுந்து உட்கார்ந்தார். "அவ செத்துப் போய்ட்டா. கொரோனா நேரத்துல, ஊர்ல. இந்த வண்டியில ஒருநா எங்கூட வந்திருக்கா. நீ கேட்டதும் வாய் தவறி வந்திருச்சு. ஒன்னைய அலைய விட்டுட்டேன்."

அன்புமொழி கோபப்படவில்லை. கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "அப்போ நீங்க ஊருக்குப் போகலையா?"

"போக முடியல."

"அப்புறம்? எப்படி ஆச்சுன்னு வீட்டுல சொன்னாங்களா?"

நாகராசு யோசித்துப் பார்த்தார். வழியில் உயிர் போனது என்பது தெரியும். அதற்கு மேல் எதுவும் தெரியாது. அவர் கேட்கவே இல்லை.

"நான் கேக்கலம்மா" என்றார்.

அவள் அவர் முழங்காலில் இருந்த சிவப்புச் சாயத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டாள்.

வேலை பெர்மிட் முடிந்ததும் நாகராசு அதைப் புதுப்பிக்கவில்லை. ஊருக்கே வந்துவிட்டார். ராஜலட்சுமி அப்போது புதுக்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்புவாள், பொழுது சாயும்போது திரும்புவாள். வந்த அப்பாவுக்குச் சோறு போட்டாள், துணி துவைத்துக் கொடுத்தாள். ஒரு குறையும் வைக்கவில்லை. ஒரே வீட்டுக்குள் இருந்தும், போனில் கேட்ட அதே மூன்று கேள்விகளைத்தான் இருவரும் கேட்டுக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தபோது, நாகராசு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ராஜி, அன்னைக்கு என்ன நடந்துச்சு தாயி?"

முறம் நின்றது. "என்னைக்கு?"

"ஒங்காத்தா போன அன்னைக்கு."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இப்ப எதுக்கு?"

"எனக்குத் தெரியாதுல்ல."

"தெரிஞ்சுக்கிற மாதிரி நீங்க நடந்துக்கலையேப்பா." முறத்தைக் கீழே வைத்தாள். "பொம்பளை வராத எடத்துல போய் ஒங்களுக்காகத்தான் நின்னேன். நீங்க அணைச்சுட்டுப் போய்ட்டீங்க."

"பாக்க முடியல தாயி."

"எனக்கும்தான் முடியல. ஆனா நான் அங்கதான நின்னுட்டிருந்தேன்?"

நாகராசு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவள் அழுதாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முறத்தை எடுத்தாள். புடைத்து முடித்து, உளுந்தைச் சாக்கில் கட்டும்போது, எதையோ பாதியிலிருந்து தொடர்வதுபோலச் சொல்லத் தொடங்கினாள். காலையில் ஆத்தா கொல்லையில் உட்கார்ந்துவிட்டது, நெஞ்சைப் பிசைகிறது என்றது, பெரியப்பா வண்டிக்கு ஓடியது. வண்டியில் பழைய சாக்குகளை விரித்துப் படுக்க வைத்து, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டது.

"வழியில ஏதாச்சும் சொன்னாளா?"

"தூக்கி உக்கார வையின்னுச்சு. எந்த ஊரு வந்திருக்குன்னு பாக்கணும்னுச்சு. ஆதனக்கோட்டைன்னு சொன்னேன். இன்னும் பாதிதானா வந்திருக்கோம்னுச்சு. அப்புறம் படுக்கவே இல்ல. எம்மேல சாஞ்சுக்கிட்டே வெளிய பாத்துக்கிட்டு வந்துச்சு."

"ஒன்னையப் பத்தி ஒண்ணும் சொல்லலையா? என்னையப் பத்தி?"

ராஜலட்சுமி கொஞ்சம் தயங்கினாள். "இல்லப்பா. ஒண்ணும் சொல்லல."

பொய் சொல்லி அவரைத் தேற்ற அவளுக்குத் தெரியாமல் இல்லை. சொல்லவில்லை. நாகராசு தலையை ஆட்டிக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒருநாள் அவரும் அவளோடு புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறினார். பல் வலி, டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றார். உண்மையாகவே வலி இருந்தது. கூட்டத்தில் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல இடம் கிடைக்கவில்லை. அவள் முன்னால் பெண்கள் இருக்கையில், அவர் இரண்டு வரிசை தள்ளிக் கம்பியைப் பிடித்து நின்றார். ஆதனக்கோட்டை தாண்டியது. பெருங்களூருக்குக் கொஞ்சம் முன்னால் ராஜலட்சுமி திரும்பி அவரைப் பார்த்தாள்.

"அப்பா, இங்கதான்."

அவர் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். ரோட்டோரம் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் சைக்கிள் டியூபைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கி, காற்று எங்கே கசிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்குப் பின்னால் தைலமரங்கள். வேறொன்றும் இல்லை. பஸ் நிற்கவில்லை. கண்டக்டர் பெருங்களூர் இறங்குகிறவர்கள் முன்னால் வாங்க என்று சத்தம் போட்டார்.

பெருங்களூரில் அவளுக்குப் பக்கத்தில் இருந்த பெண் இறங்கினாள். ராஜலட்சுமி ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டு, "வாங்க, உக்காருங்க" என்றாள்.